பெரியப்பாவின் தியேட்டர்

2025 தீபாவளி முடிந்த வாரம் சித்தூரில் பெரியப்பா வீட்டில் இருந்தேன். அவருக்கு 81 வயது. ஜில்லா பரிஷத் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் தெலுங்கு, கோபம் வந்தால் இங்கிலீஷ். 1960-ல் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுப் பக்கம் போனபோது குடும்பத்தில் பாதி அங்கே போய்விட்டது. மீதி இங்கேயே நின்றுவிட்டது. பெரியப்பா மீதியைச் சேர்ந்தவர்.

அவருடைய பிரச்னை இது. கூடத்து அலமாரியில் பிஸ்கட் டின்களிலும் ஷூ டப்பாக்களிலும் இருநூறுக்கு மேல் வி.சி.டி.க்கள், டி.வி.டி.க்கள். 'அசோக்குமார்', 'மீரா' என்று சித்தூர் நாகையா நடித்த படங்கள் அதில் தனி வரிசை. (நாகையா சித்தூர் நாடக சபாவில் நடித்து ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொண்டவர். 1941-ல் வந்த 'அசோக்குமாரில்' அவர்தான் அசோகச் சக்கரவர்த்தி. பாகவதர் படம் என்று யாராவது சொல்லிவிட்டால் பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும்.) இத்தனையையும் போட்டுப் பார்க்க இருந்த பிளேயர் உயிரை விட்டது. ரிப்பேர் கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "லென்ஸ் இப்ப வர்றதில்ல சார்" என்று சொல்லிவிட்டார்.

டி.வி. புதுசுதான், ஐந்து வயது. எந்த கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அதை ஸ்மார்ட் என்று விற்றார்கள். மூன்றாவது வருடத்திலிருந்தே அதன் மூளைக்கு மறதி வந்துவிட்டது. ஒரு ஆப் திறக்க ஒரு டம்ளர் காபி ஆகிறது. சில ஆப்கள் இந்த டி.வி.க்கு இனிமேல் கிடையாது என்று கைவிரித்துவிட்டன. கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, பின்னால் இருப்பதுதான் கிழடு தட்டிவிட்டது. டி.வி. விஷயத்தில் நாம் பழகிய கணக்கு இப்போது தலைகீழ். முன்பெல்லாம் பிக்சர் ட்யூப் போனால்தான் டி.வி. போனது என்று அர்த்தம்.

பெரியப்பாவின் பேரன் திருப்பதியில் பொறியியல் படிக்கிறான். என்னை சித்தப்பா என்று கூப்பிடுகிறவன். சனிக்கிழமை வந்ததும் சொன்னான்: "தாத்தாவுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரை டி.வி.க்குப் பின்னால மாட்டிடலாம் சித்தப்பா. டிரைவ் இருக்கும், டிஸ்க் போட்டுப் பார்த்துக்கலாம். என்கிட்ட ஒரு சூப்பர் கார்டு சும்மா கிடக்குது."

கம்ப்யூட்டர் கிடைப்பது கஷ்டமில்லை. அந்த அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்திருந்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால் சுமார் 2018-க்குப் பின் வந்த பிராசஸர் இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் இருக்க வேண்டும். இதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் கூட்டம் கூட்டமாக வேலை இழந்தன. திருப்பதியில் அந்த மாதிரிக் கழித்துக் கட்டியவற்றை வாங்கி விற்கும் ஒரு கடையில் 2011-ம் வருடத்து கோர் ஐ3 ஒன்றைப் பேரன் 2,500 ரூபாய்க்குப் பிடித்துவிட்டான். படுக்கவைத்தால் பழைய வி.சி.ஆர். அளவுதான். டிஸ்க் டிரைவ் இருந்தது. பெரியப்பாவுக்கு அதுதான் முக்கியம்.

இல்லாதது ஒன்றே ஒன்று. பின்புறம் நீலக்கலர் வி.ஜி.ஏ. துளை மட்டும். இன்றைய டி.வி.யில் அந்தத் துளை இல்லை, ஹெச்.டி.எம்.ஐ. மட்டுமே. பழைய கிராஃபிக்ஸ் கார்டு கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான். விளையாட்டுக்காக இல்லை, டி.வி.யோடு பேச ஒரு வாய் வேண்டும் என்பதற்காக.

பேரன் கொண்டுவந்த சூப்பர் கார்டை மேஜைமேல் வைத்தான். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 480. 2010-ல் வெளிவந்தபோது விளையாட்டுப் பிரியர்களின் கனவு. சீனியர் ஒருவரிடம் வாங்கியதாம். பத்தரை அங்குல நீளம், இரண்டு கார்டு தடிமன், முழு மூச்சில் ஓடினால் 250 வாட். அந்தச் சின்னப் பெட்டியின் எஸ்.எம்.பி.எஸ். மொத்தமாகவே 240 வாட்தான் தரும். பெரியப்பா கார்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "இதுல தோசை சுடலாம் போல இருக்கே" என்றார். அவருக்குத் தெரியாது, உலகம் முழுக்க இந்தக் கார்டைப் பற்றி இதே கேலியைத்தான் செய்தார்கள்.

வீட்டுத் தியேட்டருக்குப் பழைய கார்டு தேடுகிறவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். அந்தக் காலத்தில் விலை அதிகமாக இருந்தது இப்போதும் உசத்தி என்ற நினைப்பு. படம் காட்டுவதும் விளையாட்டு ஓட்டுவதும் இரண்டு வேறு தொழில்கள். விளையாட்டில் கார்டு ஒவ்வொரு காட்சியையும் தானே வரைய வேண்டும். அதற்குத்தான் அத்தனை குதிரை சக்தி. சினிமாவில் எல்லாம் ஏற்கெனவே எடுத்து முடிந்த படம். சுருக்கி மடித்து வைத்திருப்பதை விரித்துக் காட்டினால் போதும். அந்த விரிக்கும் வேலைக்குக் கார்டின் சிப்பில் ஒரு மூலையில் தனியாக ஒரு சின்னப் பகுதி உண்டு. ஒரே தலைமுறையைச் சேர்ந்த ராட்சதக் கார்டிலும் குட்டிக் கார்டிலும் இந்தப் பகுதி பெரும்பாலும் ஒரே ஜாதிதான். 250 வாட் கார்டு செய்கிற அதே வேலையை 20 வாட் கார்டு சத்தமில்லாமல் செய்துவிடும்.

எனக்கு என் வீட்டு மேஜை இழுப்பறை ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் என் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஒரு ரேடியான் ஹெச்.டி. 6450, செய்தித்தாளில் சுற்றி அங்கே கிடந்தது. 2011-ல் வந்தது. உள்ளங்கை அகலம், காற்றாடியே கிடையாது, ஓர் அலுமினியச் சீப்பு மட்டும். காற்றாடி இல்லாதது பெரிய வரம். இரவு பத்து மணிக்கு மெல்லிய வசனம் வருகிற இடத்தில் டி.வி.க்குப் பின்னால் ஒரு காற்றாடி உறுமினால் எந்தப் படமும் விளங்காது. பழைய கார்டுகளில் முதலில் கெடுவதும் காற்றாடிதான். அடுத்து, சிப்புக்கும் சீப்புக்கும் நடுவில் தடவியிருக்கும் பசை காய்ந்து சுண்ணாம்பாகிவிடும். 40 டிகிரியைத் தொடும் சித்தூர் கோடையில் இது அலட்சியம் செய்கிற விஷயமில்லை. நாலு திருகாணியைக் கழற்றி, காய்ந்த பசையைத் துடைத்துவிட்டு, அரிசி அளவு புதுப் பசை வைத்தால் போதும். அரை மணி நேர வேலை.

அடுத்த வாரம் கார்டோடு மறுபடி போனேன். காட்பாடியிலிருந்து சித்தூர் ரொம்ப தூரமில்லை, பெரியப்பாவைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று.

கார்டு பொருந்தவில்லை. கார்டின் ஓரத்தில் பெட்டியோடு திருகாணி போட்டு மாட்டும் தகடு ஒன்று இருக்கும். என்னுடையதில் இருந்தது உயரமான பெட்டிக்கான தகடு. குட்டைப் பெட்டிக்குக் குட்டைத் தகடு வேண்டும். வாங்கும்போது கார்டோடு கொடுத்திருப்பார்கள். நான் அதை எந்தக் குப்பையில் போட்டேனோ. தகடு இல்லாமலேயே சொருகிவிடலாம் என்றான் பேரன். அது ஆபத்து. ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் கனமானது, யாராவது டி.வி.யைக் கொஞ்சம் நகர்த்தினால் கார்டு துளையிலிருந்து கோணிக்கொண்டு வெளியே வரும். மறுநாள் இருவரும் திருப்பதிக்கு பஸ் ஏறினோம்.

திருப்பதி என்றால் நம்மில் பலருக்கு அலிபிரி, மலைப்பாதை, லட்டு. அந்த ஊர்ப் பையன்களுக்கு வேறு திருப்பதி தெரியும். 2018-ல் ஷாவ்மியின் டி.வி.க்களை டிக்சன் நிறுவனம் இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. அதற்கு முன்பே, 2015-ல், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் செல்போன் பூட்டத் தொடங்கிவிட்டது. பேரனுடன் படித்தவர்களின் அண்ணன்கள், அக்காக்கள் பலர் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். புது டி.வி. பிறக்கிற ஊரில்தான் பழைய கம்ப்யூட்டரின் குட்டைத் தகடு தேடி நாங்கள் அலைந்தோம். (2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி தனி மாவட்டம். சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதியும் போய்விட்டதே என்று பெரியப்பாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "1960-ல திருத்தணி, இப்ப இது. கடைசியில எனக்கு மாங்காய்த் தோட்டம் மட்டும்தான் மிஞ்சும்" என்பார்.)

கம்ப்யூட்டர் வாங்கிய அதே கடை. கடைக்காரர் ஒரு பால்பவுடர் டின்னைக் கவிழ்த்தார். திருகாணிகள், ஜம்பர்கள், தகடுகள். பதினைந்து நிமிடம் கழித்து ஒன்று பொருந்தியது. காசு வாங்கவில்லை. பதிலுக்கு ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிளும், 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் எங்கள் தலையில் கட்டினார். எஸ்.எஸ்.டி. நியாயமான செலவு. பழைய ஹார்ட் டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் எழுந்து நிற்பதற்குள் படத்தில் டைட்டில் முடிந்துவிடும்.

அங்கே கண்ணாடி ஷெல்ஃபில் பழைய கார்டுகள் வரிசையாக நின்றன. வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 2022 செப்டம்பர் 15-ந் தேதி எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றியதும், அதைத் தோண்டி எடுக்க இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கிராஃபிக்ஸ் கார்டுகள் ஒரே நாளில் அநாதையாகி உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்தன. அதிகம் உழைத்த மாடு எல்லாம் கெட்ட மாடு இல்லை. ஆனால் காற்றாடியை விரலால் சுற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டாவது, பெயரை நம்பாதீர்கள். ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு தலைமுறைச் சிப்புகள் விற்கப்பட்டன. ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு மின்சாரம் தின்னும். அட்டைப்பெட்டியில் இரண்டுக்கும் ஒரே நம்பர்.

சித்தூர் திரும்பி மாட்டினோம். டி.வி. கறுப்பாக இருந்தது. சிக்னல் இல்லை.

நான் கேபிளை மாற்றினேன். பேரன் ஃபோனில் என்னென்னவோ தேடிப் படித்தான். பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து போய் ஒரு பென்சில் ரப்பர் எடுத்துவந்தார். "ஸ்கூல்ல கம்ப்யூட்டர் வாத்தியார் இப்படித்தான் செய்வான்." கார்டின் அடியில் தங்க நிறத்தில் பல் வரிசை மாதிரி இருக்கிறதே, அதை ரப்பரால் அழித்து, துணியால் துடைத்து மாட்டினோம். படம் வந்தது. இழுப்பறையில் கிடந்ததில் பல் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இந்தியாவில் எந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலும் முதல் சிகிச்சை இதுதான். பாடப் புத்தகத்தில் வராது.

இந்த இடத்தில் பேரன் ஒரு உண்மையைச் சொன்னான். கார்டே வேண்டாம், வி.ஜி.ஏ.யை ஹெச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் ஒரு சின்ன டப்பா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், இந்த ஐ3-யே 1080பி படத்தை விரித்துக் காட்டும் என்று. சரிதான். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கார்டு கொண்டுவர்றேன்னு சந்தோஷமா சொன்னீங்க சித்தப்பா." டப்பா வழியாக எழுத்து கொஞ்சம் மங்கும், சத்தத்துக்கு இன்னொரு வயர் இழுக்க வேண்டும் என்று என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். இரண்டுமே நிஜம்தான். ஆனாலும் உங்களிடம் உள்ள கம்ப்யூட்டர் இன்டெல் ஏழாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ, பின்னால் ஹெச்.டி.எம்.ஐ. துளையும் இருக்கிறது என்றால், 2011-ம் வருடத்துக் கார்டை அதில் மாட்டுவது முட்டாள்தனம். உள்ளேயே இருப்பது இதைவிட அதிகம் படித்தது.

படித்தது என்று ஏன் சொல்கிறேன் என்றால், கார்டுகளுக்கு பாஷை உண்டு. வி.சி.டி. பேசுவது எம்பெக்-1. டி.வி.டி.யும் பழைய டிஷ் ஒளிபரப்பும் எம்பெக்-2. 2003-ல் ஹெச்.264 வந்தது, இன்று கையில் கிடைக்கும் சினிமா ஃபைல்களில் பெரும்பகுதி அதுதான். என் கார்டுக்கு இவை எல்லாம் அத்துப்படி. 2013-ல் ஹெச்.இ.வி.சி.யும், யூட்யூப் பேசும் விபி9-ம் வந்தன, 2018-ல் ஏவி1. 2011-ல் பிறந்த கார்டுக்கு இந்த மூன்றும் சுத்தமாகத் தெரியாது. தெரியாததைச் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. இது சாஃப்ட்வேர் அல்ல, சிலிக்கானில் செதுக்கியது. வயதாகிப்போன கார்டு வேகம் குறைந்து சாவதில்லை. ஊரில் எல்லோரும் வேறு பாஷைக்கு மாறிவிட்டதால் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறது.

பெரியப்பாவின் அலமாரி முழுக்க எம்பெக்-1, எம்பெக்-2. பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம் மாதிரி அமைந்தது. 352-க்கு 288 புள்ளிகள் கொண்ட ஒரு வி.சி.டி. படத்தை எந்தப் புதுக் கார்டு வைத்தும் அழகாக்க முடியாது. பெரிய டி.வி.யில் முகங்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தன. பெரியப்பா நாற்காலியைச் சுவரோரம் இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டார். சரியாகிவிட்டது.

கஷ்டம் வேறு இடங்களில் வந்தது. முதலில் 'மீரா'வைப் போட்டபோது எம்.எஸ். வாயசைக்கிறார், சத்தம் இல்லை. "ஏமிரா இதி, ஊமைப் படமா?" என்றார் பெரியப்பா. கம்ப்யூட்டர் பழக்கதோஷத்தில் சத்தத்தைத் தன் பின்புறத்துப் பச்சைத் துளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, ஹெச்.டி.எம்.ஐ.க்கு அனுப்பு என்று செட்டிங்கில் மாற்றினோம். அப்புறம் படத்தின் நாலு ஓரமும் ஒரு விரல்கடை வெட்டுப்பட்டது. இது டி.வி.யின் பழைய குணம். பிக்சர் ட்யூப் காலத்தில் ஓரத்துப் பிசிறை மறைக்கப் படத்தைச் சற்று ஊதிக் காட்டினார்கள். ட்யூப் போயும் பழக்கம் போகவில்லை. டி.வி. மெனுவில் ஸ்கிரீன் ஃபிட் என்றோ ஜஸ்ட் ஸ்கேன் என்றோ இருக்கும், அதைப் போட வேண்டும். மூன்றாவது, இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்திருந்தது. கம்ப்யூட்டர் கறுப்பை 0 என்று எண்ணும், டி.வி. உலகம் 16 என்று எண்ணும். இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் இருக்கும்படி மாற்றினால் தீர்ந்தது. இதைக் கேட்டதும் கணக்கு வாத்தியாருக்கு உற்சாகம் வந்து, ஏன் 16 என்று என்னை அரை மணி குடைந்தார்.

மெல்பர்னில் இருக்கும் பேத்தி அனுப்பிய கொலு வீடியோ ஓடவே இல்லை. முகம் உறைந்து நிற்கிறது, குரல் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. ஐஃபோன் 2017-லிருந்து ஹெச்.இ.வி.சி.யில் பதிவு செய்கிறது. கார்டுக்கு பாஷை தெரியாது. ஐ3 தனியாகப் போராடி மூச்சு வாங்குகிறது. ஃபோனின் கேமரா செட்டிங்கில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றச் சொல்லி பேத்திக்குத் தகவல் போயிற்று. ஏற்கெனவே வந்தவற்றை ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேர் ராத்திரி முழுக்க ஹெச்.264 ஆக மாற்றியது. யூட்யூப்புக்கும் வைத்தியம் உண்டு. பிரவுசரில் ஹெச்264இஃபை என்ற ஒரு துணுக்கைச் சேர்த்தால், யூட்யூப் நமக்காகப் பழைய பாஷையில் பேசும், 1080பி வரைக்கும்.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டோம். அதன் மேல் கோடி. 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்தது. படங்களைப் போஸ்டரோடு அடுக்கிக் காட்டும். இந்தக் கார்டு வகைக்கு ஏஎம்டி புது டிரைவர் கொடுப்பதை நிறுத்திப் பல வருடமாகிறது. லினக்ஸில் டிரைவர் உள்ளேயே இருக்கிறது, யாரும் பிடுங்கவில்லை. ஆனால் ஓ.டி.டி. நிறுவனங்கள் லினக்ஸில் முழுத் தரப் படத்தைத் தரத் தயங்குகின்றன. கறாராகச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியது ஓ.டி.டி. மட்டும் என்றால் இந்தச் சிரமமே வேண்டாம், டி.வி. பின்னால் சொருகும் குச்சி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அலமாரி நிறைய சொந்தச் சரக்கு வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வேலை.

ரிமோட் விவகாரத்தில் நாங்கள் தோற்கவே பார்த்தோம். டி.வி. ரிமோட்டாலேயே பின்னால் மாட்டிய பெட்டியையும் இயக்கும் வசதி, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கார்டுகளில் பொதுவாகக் கிடையாது. மௌஸ் பெரியப்பாவுக்கு ஒத்துவரவில்லை. அம்புக்குறியைத் துரத்திக் களைத்துவிட்டார். கடைசியில் யு.எஸ்.பி.யில் மாட்டும் ஒரு ரிமோட் வாங்கி, மேலே, கீழே, சரி, பின்னால் என்ற நாலு பட்டன் தவிர மற்றதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினான் பேரன். மொத்தக் காரியத்திலும் புத்திசாலித்தனமான பகுதி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

செலவு என் கணக்கில் 5,000 ரூபாய்க்குச் சற்று உள்ளே. மின்சாரத்தைப் பெரியப்பாவே கணக்குப் போட்டார். பேரனின் மீட்டரில் பெட்டி ஓடும்போது 40 வாட் காட்டியது. தினம் ஐந்து மணி நேரம், முப்பது நாள், 6 யூனிட். "அந்த தோசைக்கல்லை மாட்டியிருந்தா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரித்துக்கொண்டார்.

ஜிடிஎக்ஸ் 480-ஐ என்ன செய்வது? குப்பையில் போடக்கூடாது. 2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைத் தள்ளியது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கு இருப்பது நாலில் ஒரு பங்குகூட இல்லை என்கிறது ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை. நம் நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து புது விதிகள் வந்திருக்கின்றன, தயாரிப்பாளரே பழையதற்கும் பொறுப்பு என்று. விதிகள் இருக்கின்றன, சித்தூரில் பழைய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்குக் கண்ணில் படுவது பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டிதான். பேரன் அதைத் திரும்பத் தன் ஹாஸ்டலுக்கே எடுத்துப்போனான்.

இவ்வளவும் எதற்காக என்பதை இன்னும் நான் சொல்லவில்லை. எனக்கே மூன்றாம் நாள்தான் தெரிந்தது. நாகையா படங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடிய பிறகு, பெரியப்பா அலமாரியின் பின்னாலிருந்து கைக்குட்டையில் சுற்றிய இரண்டு டிஸ்க்குகள் எடுத்தார். 1994-ல் திருப்பதியில் நடந்த அக்கா கல்யாணம். வீடியோ கேசட்டாக இருந்ததை 2002-ல் யாரோ இரண்டு வி.சி.டி.யாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதில் நலங்கு. நலங்கில் பெரியம்மா பாடியிருக்கிறார். பெரியம்மா 2017-ல் போய்விட்டார். அவர் குரல் வேறு எதிலும் இல்லை.

முதல் டிஸ்க் ஓடியது. இரண்டாவதை டிரைவ் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் வெள்ளிப்பூச்சு ஊசிக்கண் ஊசிக்கண்ணாக உதிர்ந்திருந்தது. கடையில் வாங்கும் சினிமா டிஸ்க் அச்சில் அடித்தது. வீட்டில் எழுதியது ஒருவகைச் சாயத்தின் மேல் லேசரால் சுட்டது. சாயம் வெளுக்கும். வெயில், புழுக்கம், மேலே ஒட்டிய லேபிளின் பசை எல்லாமே அதற்கு எமன். இந்த மாதிரி டிஸ்க் உங்கள் வீட்டில் இருந்தால் தியேட்டர் எல்லாம் அப்புறம், முதலில் நகல் எடுத்துவிடுங்கள். வி.சி.டி.யை விண்டோஸில் திறந்தால் எம்பெகேவி என்ற ஃபோல்டரில் டேட் ஃபைலாக இருக்கும், அப்படியே காப்பி செய்யலாம். லினக்ஸ் அதை அவ்வளவு சுலபமாகக் காப்பி செய்ய விடாது. நாங்கள் விண்டோஸை அழித்த பிறகல்லவா இந்த டிஸ்க் வெளியே வந்தது. துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல.

ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும். இதற்கு ஒரு நியதியும் கிடையாது. பேரன் டிஸ்க்கை அதே கைக்குட்டையில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துத் திருப்பதி கொண்டுபோனான். ஹாஸ்டலில் இரண்டு டிரைவில் போட்டான், ஆகவில்லை. மறுபடி அந்தக் கடை. மேல் ஷெல்ஃபில் தூசி படிந்த பழைய சிடி ரைட்டர் ஒன்று. கடைக்காரர் விண்டோஸ் 7 ஓடும் ஒரு பெட்டியில் அதை மாட்டி, ராத்திரி கடையைப் பூட்டும்போது காப்பி போட்டுவிட்டுப் போனார்.

காலையில் பேரன் கூப்பிட்டபோது நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஸ்பீக்கரில் போட்டேன். ஃபைல் வந்துவிட்டது, நடுவில் ஒரு இடத்தில் இரண்டு நிமிஷம் போய்விட்டது என்றான். எந்த இடம் என்றேன். கொஞ்சம் தயங்கினான். "பாட்டி பாட ஆரம்பிக்கிற இடம் சித்தப்பா. முதல் வரி இல்ல. அதுக்கப்புறம் எல்லாம் இருக்கு."

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"முதல் வரி எனக்குத் தெரியும். நீ கொண்டா" என்றார்.